கண்ணைத் திறந்து செய்த ஜெபம்

என் மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது ஆனி மாதக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை. குரல் நாணில் பயறு அளவுக்கு ஒரு கட்டி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாட்டில் செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் லைன் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பல வருஷம் வேலை பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே தொண்டையால் கோவிலில் (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பாடுவாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கத்தறது, பாடறது, ரெண்டுல எதை விடப்போறீங்க?” என்றார். அவள் யோசிக்கவே இல்லை.

“வேலைய” என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் சிரித்துவிட்டார்.

கட்டி கெட்டதில்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. அந்தப் பயம் ஒரு வாரத்தில் தீர்ந்தது. குரல் விஷயம் அப்படித் தீரவில்லை. மூன்று வாரம் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அதற்கு மேல் எவ்வளவு குரல் திரும்பும், பழையபடி பாட முடியுமா என்பதைப் புண் ஆறிய பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வீடு திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பொன்னேரி தாண்டும் வரை வாயைக் கைக்குட்டையால் மூடியே வைத்திருந்தாள். திறந்தால் ஏதாவது வெளியே வந்துவிடும் என்பதுபோல.

அவள் பாடுவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கோவில் சிறியது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஷீட் போட்ட கட்டடம். சபையில் பெரும்பாலோர் ஒரு தலைமுறைக்கு முன்பு நெல் வயலில் கூலி வேலை செய்த குடும்பங்கள். இப்போது எல்லோரும் ஷிப்டுக்குப் போகிறவர்கள். கீபோர்டு வாசித்தவர் மாற்றலாகிப் போனபின் அது உறையோடு மூலையில் இருக்கிறது. அதனால் ஐயர், அதாவது எங்கள் போதகர், பாட்டு நம்பரைச் சொன்னதும், யாராவது ஒருவர் முதல் வரியைச் சரியான சுருதியில் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் மேலே எடுத்துவிட்டால் பல்லவியை எப்படியோ ஒப்பேற்றி விடலாம், சரணத்தில் குரல்கள் கிழியும். எங்கள் மகள் பிறந்த வருஷத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது என் மனைவிதான். இது பதவி இல்லை. கமிட்டி தீர்மானம் போட்டுக் கொடுத்ததும் இல்லை. ஆனாலும் அது அவளுடையது. அந்த முதல் வரிக்கு முன்னால் அவள் மூச்சு இழுக்கும் சத்தம் ஆண்கள் பக்கம் வரை கேட்கும்.

வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்குக் குடும்ப ஜெபம். நான் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஃபோர்ஜிங் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன், திங்கள் தவிர மற்ற நாட்களில் ஐந்தரைக்கு வந்துவிடுவேன். மகள் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் முதல் ஷிப்டு, அவளும் வந்திருப்பாள். ஒரு பாட்டு, வேத வாசிப்பு, பிறகு ஒவ்வொருவரும் அந்த நாளுக்காக ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக்கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டதும் என் மனைவிதான். கல்யாணமான புதிதில் நான் தினமும், “காலைமுதல் இந்நேரம் வரைக்கும் காத்து வழிநடத்தினதற்காக ஸ்தோத்திரம்” என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள்.

“இன்னாங்க, டெய்லி கர்த்தருக்கு ஒரே பில்லையே குடுத்துக்கினு கீறீங்க? அவருக்கு பேஜாரா இருக்காதா?”

அன்றிலிருந்து தினம் ஒரு புதிய ஸ்தோத்திரம். சட்டத்தை மீறாமல் அதையும் வழக்கமாக்கிக்கொள்ள எனக்குச் சில மாதங்களே பிடித்தன. கம்பெனி பஸ்ஸில் வரும்போதே ஒன்றைத் தயார் செய்துவிடுவேன். நேரத்துக்கு வந்த லாரி. சரியாக இருந்த ஸ்டாக். மழைக்கு முன்னால் கிடைத்த பஸ். ஆறு மணிக்குக் கண்ணை மூடி அதைச் சொல்லி முடித்தால் அன்றைய கடமை தீர்ந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து சனிக்கிழமை வீடு வந்தோம். அவள் வாய் மூடியிருந்த நாட்களில் முதல் இரண்டு மாலைகளும் அப்படியே போயின. மகள் பாடினாள், நான் வாசித்தேன், இரண்டு பேரும் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னோம். அவள் முறை வந்தது. மனதுக்குள் சொல்லிக்கொள்வாள் என்று நினைத்து, கொஞ்ச நேரம் விட்டு, நான் ஆமென் சொல்லி முடித்தேன்.

நான் ஜெபத்தில் இருந்த மூன்றாவது மாலை ஆடி முதல் செவ்வாய். திங்கள் என்கிறாள் மகள். திங்களாக இருக்க முடியாது. திங்கட்கிழமைகளில் எங்கள் ஸ்டோர்ஸில் ஸ்டாக் எடுப்பார்கள், நான் ஒரு திங்களும் ஆறு மணிக்கு வீட்டில் இருந்ததில்லை. அன்று அவள் முறை வந்தபோது பட்டென்று தரையில் அடிக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். அவள் வலது கையை நீட்டி மேலே காட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆமா, எல்லாம் மேல இருக்கறவருடைய கிருபை” என்று சொல்லிவிட்டு நான் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுபடி பட்டென்று அடி. இந்த முறை தரையில் இல்லை, என் முழங்காலில்.

“நைனா, அவங்க சாமியக் காட்டல. கண்ணத் தொறந்து பாரு” என்றாள் மகள்.

பார்த்தேன். டியூப் லைட்டுக்குப் பக்கத்தில், சுவரும் கூரையும் சேரும் மூலையில், ஒரு குளவி மண்கூடு கட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பானையைப் போன்ற கூடு. வாயில் ஒரு பச்சைப் புழுவைக் கவ்வி வந்து, அந்தப் பானைக்குள் தலைகீழாக இறக்கிக்கொண்டிருந்தது. புழு பாதி உள்ளே, பாதி வெளியே. குளவி பின்வாங்கி, சுற்றி வந்து, மறுபடி தள்ளியது. அவள் பகலெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அவள் கைகள் சொன்ன கதையில் தெரிந்தது: ஈர மண் எங்கேயிருந்து வருகிறது (எங்கள் குழாயடி), எத்தனை நடை, எப்படி உருட்டுகிறது.

“அந்தப் புழுவுக்கு யாரு ஸ்தோத்திரம் சொல்றது?” என்று மகள் கேட்டாள்.

அவள் அம்மா உதட்டைப் பிதுக்கித் தோளைக் குலுக்கினாள். அது என் கேள்வியில்லை என்பதுபோல. நாங்கள் மூன்று பேரும் தலையை நிமிர்த்தி, அந்தக் குளவி புழுவை முழுதாக உள்ளே இறக்கும் வரை பார்த்தோம். பிறகுதான் ஆமென்.

அந்த மாலையிலிருந்து எங்கள் வீட்டில் ஜெபத்தைக் கண்ணைத் திறந்துகொண்டு செய்ய வேண்டியதாயிற்று. வேறு வழியில்லை, அவள் காட்டுவதைப் பார்க்க வேண்டுமே. எனக்கு அது கூச்சமாக இருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து கண்ணை மூடித்தான் ஜெபம் செய்திருக்கிறேன். திறந்தால் பக்கத்திலிருப்பவரிடம் பிடிபட்டுவிடுவோம் என்ற பயம் ஞாயிறு பள்ளியிலேயே ஏற்பட்டது. சந்தேகம் வந்தால் தேடிப் படிப்பது என் வழக்கம், படித்தேன். ஆதிச் சபையில் பலர் நின்றுகொண்டு, கைகளை விரித்து, கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்தே ஜெபித்திருக்கிறார்கள். மகளிடம் இதைச் சொன்னேன். “இத்த படிக்கறதுக்கு முன்னாடியே அம்மா கண்டுபுடிச்சுட்டாங்க நைனா” என்றாள்.

அவள் காட்டியவை எல்லாமே அழகானவை என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் சோறு வடித்த பானையின் அடியில் ஒட்டியிருந்த ஒற்றைப் பருக்கையைக் காட்டினாள். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இன்னொரு நாள் எங்களைப் பாயிலிருந்து எழுப்பி வாசலுக்குக் கூட்டிப் போனாள். மழைமேகம் தாழ்ந்து இறங்கி இருட்டியிருந்தது. உருக்காலைப் பக்கம் உலை திறந்திருக்க வேண்டும், மேகத்தின் அடிவயிறு மட்டும் செம்பருத்தி நிறத்தில் துடித்தது. அந்த வெளிச்சத்தை எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன். அதைப் பார்த்தால் எனக்கு வேலை ஞாபகம்தான் வரும். அன்று முதல்முறையாக, அது அணைந்து மறுபடி வரும் வரை காத்திருந்து பார்த்தேன்.

முருங்கை இலை விஷயத்தில் நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்து மரங்களின் இலையெல்லாம் உருக்காலைக் கரித்தூள் படிந்து சாம்பலாக இருக்கும். அவள் ஒரு கொத்தை ஒடித்து வந்து பாயில் வைத்தாள். நான் பயந்தேன். இந்தத் தூசிக்கும் நன்றி சொல்லச் சொல்கிறாளா? அது முடியாது. தூசி தூசிதான்; அதைப் போட்டவர்கள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஈரத்துணியை எடுத்து ஒரே ஒரு இலையை, விரல் நுனி அளவே உள்ள இலையை, துடைத்துக் காட்டினாள். சாம்பலுக்கு நடுவில் ஒரு பச்சை. துணியில் கறை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள். அவள் கெட்டதை நல்லது என்று ஒருபோதும் சொன்னதில்லை. அதன் அடியில் இருப்பதைக் காட்டினாள், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அக்காவையும் சொல்ல வேண்டும். ஊருக்குள் நெல் வயல் உள்ள குடும்பம். ஆடி மாதம் முழுக்கப் பெரியபாளையத்து அம்மன் கோவிலுக்குப் போவதும் வருவதுமாக இருப்பார். ஒரு ஞாயிறு போய்விட்டு வந்து எங்கள் வாசலில் நின்றார்.

“உனுக்கும் சேத்து வேண்டிக்கினு வந்துகீறேன். தொண்ட சரியாப் போச்சின்னா நான் வேப்பெலயில வேப்பஞ்சேல கட்டி கோயில சுத்தறேன்னு சொல்லிக்கீறேன். உங்க சாமி கோச்சுக்குமா?”

என் மனைவி பேச முடியாமல் சிரித்தாள்.

“பாத்தியா, வாயே தொறக்க மாட்டேங்கறா. நான் பாட்டுக்குப் பேசிக்கினே இருக்கேன். இவ்ளோ நாளுல எதிர்வார்த்த இல்லாம நான் பேசறதக் கேட்டது நீ ஒருத்திதான். நல்லா கீதுடி இது.”

அன்று மாலை என் மனைவி காட்டியது பக்கத்து வீட்டுச் சுவரை. எனக்கு உள்ளே ஒரு தயக்கம் இருந்தது. ஐயரிடம் இதை எப்படிச் சொல்வது என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். பிறகு, அந்த அக்கா தன் ஈரச்சேலையோடு அம்மன் கோவிலைச் சுற்றி வரும்போது என் மனைவியின் தொண்டையை நினைத்திருக்கிறார் என்பதை நினைத்தேன். ஸ்தோத்திரம் சொல்லத் தயக்கம் போய்விட்டது.

கோவிலில் இதற்கிடையே பாட்டு எடுக்க வேறு ஆள் தேவைப்பட்டது. ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டும் ஒருவர் முன்வந்தார். நல்ல மனிதர், பெரிய குரல். முதல் ஞாயிறு அவர் எடுத்த உயரத்தில் இரண்டாவது சரணத்துக்குள் பெண்களே இறங்கி வந்துவிட்டார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரே கேலி.

“அண்ணனுக்கு மேல ஒக்காந்தே பழக்கம். பாட்டையும் ஹூக்குல மாட்டித் தூக்கிட்டாரு.”

“சிரிங்க, சிரிங்க. அடுத்த வாரம் நீ எடு பாக்கலாம்” என்றார் அவர்.

என் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் அவர் விடவில்லை. யாருக்கும் தெரியாமல் பழகியிருக்க வேண்டும். மூன்றாவது ஞாயிறு மிகச் சரியாக எடுத்தார். எல்லோரும் பாடினார்கள், ஒரு குரலும் கிழியவில்லை. “செட் ஆயிட்டுது அண்ணா, இனிமே கவலையே இல்ல” என்று யாரோ அவர் முதுகில் தட்டினார்கள். என் மனைவியும் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அன்று மாலை அவள் முறை வந்தபோது எதையும் காட்டவில்லை. நாங்கள் காத்திருந்தோம். கைகள் மடியில் கிடந்தன. நான் கூரையைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன், அவள் கண் எங்கே போகிறது என்று பார்த்தேன். அது எங்கேயும் போகவில்லை. தலையை ஒருமுறை இடவலமாக ஆட்டினாள்.

நான் ஏதாவது சொல்லித் தேற்றப் பார்த்தேன். “கட்டி கெட்டதில்லன்னு...” என்று ஆரம்பித்தேன். மகள் என்னைத் தடுத்தாள்.

“இன்னிக்கு அவங்களுக்கு ஒண்ணுமில்ல நைனா. உடு. சும்மா ஒக்காந்துகினு இருக்கலாம்.”

உட்கார்ந்திருந்தோம். கண்ணைத் திறந்தபடியே ஜெபம் செய்யப் பழகியிருந்ததால், வேறு எங்கும் பார்க்க வழியில்லாமல் அவளைத்தான் பார்த்தோம். கழுத்தில் எச்சில் விழுங்கும்போது ஏறி இறங்கும் அந்த இடத்தை. கண் நிறைந்து வழியாமல் நின்றதை. அந்த மூன்று வாரத்தில் நான் கண்ட எல்லாவற்றிலும் என்னை விட்டுப் போகாதது அந்த முகம்தான். அன்று யாரும் ஆமென் சொல்லவில்லை. மகள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மூன்று வாரம் முடிந்து டாக்டர் பார்த்தார். புண் ஆறிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்றார். வீடு வந்ததும் நானும் மகளும் முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்பாள் என்று நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாளாம். அடுப்பில் பால் இருந்ததை மூன்று பேருமே மறந்துவிட்டோம்.

“பாலு! பாலு!” என்றாள்.

கனமான, கரகரத்த, யாரோ ஒரு ஆணுடைய குரல். மகள் அடுப்பை அணைக்கப் போகாமல் திரும்பி அவளையே பார்த்தாள். பால் பொங்கி வழிந்தது.

அடுத்த வாரங்களில் பேச்சு தேறியது, குரல் ஏறவில்லை. பகலில் வீட்டில் யாருமில்லாதபோது அவள் பாடிப் பார்த்திருக்கிறாள். ஒருநாள் நான் சீக்கிரம் வந்து வாசலில் நின்று கேட்டேன். கீழே வரிகள் வந்தன. மேலே போக வேண்டிய இடத்தில் வெறும் காற்று. மறுபடி தொடங்கினாள், மறுபடி அதே இடத்தில் காற்று. நான் செருப்பைச் சத்தமாகக் கழற்றினேன். உள்ளே பாட்டு நின்றது. மாதக் கடைசியில் டாக்டரிடம் நேராகவே கேட்டாள். “மேல் சுருதி திரும்ப வராமலும் போகலாம்மா. இருக்கறதைப் பாத்து வெச்சுக்குங்க” என்றார். ரயிலில் வரும்போது இந்த முறை வாயைப் பொத்தவில்லை. “சரி” என்று மட்டும், மீஞ்சூர் அருகில், சொன்னாள். கேட்டதற்குப் பதில்போல் இல்லை.

வேலைக்குத் திரும்பினாள், சத்தம் குறைந்த பேக்கிங் பகுதிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். கோவிலில் பின்வரிசையில் உட்காரத் தொடங்கினாள். கிரேன்காரர்தான் பாட்டு எடுத்தார். இப்படியே ஆவணி போயிற்று, புரட்டாசி பாதி போயிற்று.

புரட்டாசி மூன்றாவது ஞாயிறு, நல்ல மழை. ஐயர் பாட்டு நம்பரைச் சொன்னார். யாரும் எடுக்கவில்லை. கிரேன்காரர் ஆண்கள் பக்கம் முன்வரிசையில்தான் இருந்தார். அவர் திரும்பி, பெண்கள் பக்கம் பின்வரிசையைத் தேடினார்.

“அக்கா, நீங்க எடுங்க.”

அவள் கையை ஆட்டி மறுத்தாள்.

“எனுக்கு ஜலதோஷம்க்கா. தொண்ட கட்டிக்கினு கீது” என்று சொல்லி இருமிக் காட்டினார். அந்த இருமலை ஒருவரும் நம்பவில்லை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூரை ஷீட்டில் மழைச் சத்தம். நான் தரையைப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று தெரிந்தும் அந்த நேரத்தில் என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. பிறகு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

அவள் எடுத்தது இருந்த சுருதியில். பழைய இடத்துக்கு முயற்சிகூடச் செய்யவில்லை. அவ்வளவு கீழே அந்தப் பாட்டை அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. முதல் வரியை அவள் தனியாகப் பாடி முடித்தாள். இரண்டாவது வரியில் பெண்கள் சேர்ந்தார்கள். சேர்ந்து, தடுமாறி, கிணற்றில் இறங்கியதுபோல் பாதிப்பேர் காணாமல் போனார்கள். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெல்டர், வழக்கமாகப் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்து உதட்டை மட்டும் அசைப்பவர், பாடினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு ஆண்கள் பக்கம் முழுக்க. நானும் பாடிக்கொண்டிருந்தேன் என்பதை என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தபோதுதான் அறிந்தேன். இத்தனை வருஷம் எங்களுக்கு எட்டாத உயரத்தில் போய்க்கொண்டிருந்த பாட்டு, அன்று நாங்கள் நின்ற இடத்துக்கே வந்திருந்தது. சரணத்தில் மழைச் சத்தமே கேட்கவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். பாடும்போது முன்னால் பீடத்தைத்தான் பார்ப்பாள். அன்று முழுதாகத் திரும்பி எங்கள் பக்கத்தைப் பார்த்தாள். வாய் நின்றுவிட்டது. பாட்டு நிற்கவில்லை. ஒரு வரி, இரண்டு வரி அவள் இல்லாமலே போயிற்று. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது வருத்தமில்லை. அடுத்த சரணத்தில் எங்களோடு வந்து சேர்ந்தாள்.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“இன்னாக்கா இது, பூமிக்கு அடியில கொண்டு போயிட்டீங்க. எங்குளுக்கு எட்டவே இல்ல!”

“சுருதிய அர கட்டையாவது ஏத்துங்கக்கா. ஆம்பளைங்களுக்கு மட்டுமா கர்த்தரு?”

“அர கட்ட ஏறும்” என்றாள் அவள், கழுத்தைத் தடவிக்கொண்டே. “அதுக்கு மேல கேக்காதீங்க.”

கிரேன்காரர் ஜலதோஷம் இல்லாத குரலில் எல்லோருக்கும் டீ சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். கூட்ஸ் வண்டி ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரே குடையில் நின்றோம். வண்டியின் கடைசிப் பெட்டி போய்ச் சத்தம் அடங்கியதும் அவள் சொன்னாள்:

“ஏங்க, ஆம்பளைங்க இத்தினி பேருக்கு அந்தப் பாட்டு தெரியும்னு எனுக்கு இவ்ளோ வருஷமா தெரியவே தெரியாது.”

“எங்குளுக்கே தெரியாது” என்றேன்.